பலாப்பழம் தின்ற இரண்டு பயிற்சியாளர்கள்

ஒரு காட்டில் பந்து உதைக்காத குட்டியே கிடையாது. மூங்கில் நாரில் பின்னிய பந்து அது. மான்குட்டி உதைக்கும், முயல்குட்டி உதைக்கும், கீரிக்குட்டி தலையால் முட்டும். நடக்கப் பழகிய அன்றே பந்துக்குப் பின்னால் ஓடத் தொடங்கிவிடும்.

அந்தக் காட்டுக்கு ஒரு வழக்கம் இருந்தது. மழைக்காலம் தொடங்குமுன் ஒவ்வொரு குட்டியையும் ஏதாவது ஒரு பந்தாட்டக் கழகத்தில் சேர்த்துவிட வேண்டும். சேர்க்க வருகிறவர்கள் பயிற்சியாளருக்குப் பழம் கொண்டுவர வேண்டும். சேர்த்த பிறகு அடுத்த மழைவரை மாற முடியாது. அழுதாலும் மாற முடியாது. இந்தச் சட்டத்தைப் போட்டவர்களில் குட்டி ஒன்றுகூட இல்லை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஆண்டு முள்ளம்பன்றி வீட்டுச் சிலிர்ப்பிக்குச் சேரும் வயது வந்தது.

சிலிர்ப்பி பந்தைக் கட்டிக்கொண்டு தூங்குகிறவள். ஆனால் அவளிடம் ஒரு சிக்கல் இருந்தது. பந்து தன் பக்கம் வந்தால் அவளுக்குச் சந்தோஷம் பொங்கும். சந்தோஷம் பொங்கினால் முள் சிலிர்க்கும். முள் சிலிர்த்தால் பந்து அதில் குத்திக்கொண்டு நிற்கும். பிறகு "பந்து எங்கே, பந்து எங்கே?" என்று அவள் சுற்றிச் சுற்றி வருவாள். பந்து அவள் முதுகில் இருக்கும்.

அவளுடைய அம்மா முள்ளரசிக்கு வேறொரு கவலை. பக்கத்து வளையில் ஒரு முயல்குட்டி இருந்தது. போன மழைக்கு முன்னால் காட்டிலேயே வேகமான ஆட்டக்காரன் அவன்தான். ஏதோ ஒரு கழகத்தில் சேர்த்தார்கள். இப்போது பந்து உருளும் சத்தம் கேட்டாலே வளையின் அடியில் போய் ஒளிந்துகொள்கிறான்.

"எந்தக் கழகம் அக்கா அது?" என்று முள்ளரசி கேட்டாள்.

தாய்முயல் நாலு பக்கமும் பார்த்தது. "வேண்டாம்மா. தலைவர் காதில் விழுந்துவிடும்" என்று சொல்லி வாயை மூடிக்கொண்டது.

மறுநாள் காலையில் முள்ளரசியும் அவள் கணவன் பெருமுள்ளும் சிலிர்ப்பியை அழைத்துக்கொண்டு கழகம் பார்க்கக் கிளம்பினார்கள்.

முதலில் போனது இடிமுழக்கக் கழகம். அதன் பயிற்சியாளர் ஒரு காட்டுப்பன்றி. பெயர் இடியுறுமி. 'இடியுறுமியார்' என்றுதான் எல்லாரும் அழைக்க வேண்டும். மைதானத்தின் வாசலிலேயே ஒரு பெரிய அத்திமரம். அதன் கிளைகளில் சுரைக்குடுக்கையில் செய்த கோப்பைகள் கொத்துக்கொத்தாகத் தொங்கின.

கழகத்தின் செயலாளர் நரி ஓடி வந்தது. "வாங்க அண்ணே, வாங்க! அண்ணாந்து பாருங்கள். இதெல்லாம் நம் தலைவர் வென்ற கோப்பைகள்."

"ஆடியது யார்?" என்று கேட்டாள் முள்ளரசி.

"குட்டிகள்தான்."

"அப்படியானால் வென்றது?"

"தலைவர்தான்" என்றது நரி. அதில் ஏதும் கோளாறு இருப்பதாக அதற்குத் தோன்றவில்லை.

பெருமுள் கோப்பைகளைப் பார்த்தபடியே நின்றான். கழுத்து வலித்தும் அவன் குனியவில்லை.

மைதானத்தில் குட்டிகள் வரிசையாக நின்று, "இடியுறுமியார் வாழ்க! வாழ்க!" என்று கோஷம் போட்டார்கள். அதன் பிறகுதான் பந்து தரையில் விழுந்தது. ஆட்டம் தொடங்கியதும் இடியுறுமி ஓரத்தில் நின்று கத்தினார். "இடப்பக்கம்! வலப்பக்கம்! உதை! உதைக்காதே! டேய் கீரி, உனக்கு மண்டையில் என்ன இருக்கிறது?"

பந்து காலுக்கு வந்ததும் ஒவ்வொரு குட்டியும் முதலில் தலைவரின் முகத்தைப் பார்த்தது. பிறகுதான் பந்தைப் பார்த்தது. முள்ளரசி இதைக் கவனித்துக்கொண்டாள்.

மைதானத்து மூலையில் ஒரு கள்ளிச்செடி. அதன் பக்கத்தில் ஒரு மான்குட்டி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"ஐயா, தவறு செய்யும் பிள்ளையை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டாள் முள்ளரசி.

"என் கழகத்தில் தவறே நடக்காது!" என்று உறுமினார் இடியுறுமி.

"அப்படியானால் அந்த மான்குட்டி ஏன் அங்கே நிற்கிறது?"

"அதுவா? ஓய்வெடுக்கிறது."

"காலைத் தூக்கிக்கொண்டா?"

"காலுக்கும் ஓய்வு வேண்டாமா? அடுத்த கேள்வி கிடையாது. எங்கே, உன் பெண்ணை இறக்கு."

சிலிர்ப்பி மைதானத்தில் இறங்கினாள். பந்து வந்தது. சந்தோஷம் பொங்கியது. முள் சிலிர்த்தது. பந்து முதுகில் குத்திக்கொண்டது.

குட்டிகள் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் சிரித்தார். உடனே எல்லாரும் சிரித்தார்கள்.

"முள்ளையெல்லாம் பிடுங்கிவிட்டு வா. சேர்த்துக்கொள்கிறேன்" என்றார் இடியுறுமி.

அடுத்து ஓடைக்கரைக் கழகம். அங்கே பயிற்சியாளர் ஒரு காட்டெருமை. பெயர் கார்மேகி. குட்டிகள் அவளை 'அக்கா' என்று கூப்பிட்டார்கள். அவள் புல்லில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தாள். இங்கே ஒரே ஒரு கோப்பைதான். அதையும் தண்ணீர் மொள்ள வைத்திருந்தார்கள்.

"கத்தக்கூட ஆளில்லை. இதெல்லாம் ஒரு கழகமா?" என்று பெருமுள் முணுமுணுத்தான்.

இங்கேயும் பந்து சிலிர்ப்பியின் முதுகில் போய் மாட்டிக்கொண்டது. ஒரு கீரிப்பிள்ளை ஓடி வந்து பந்தைப் பிடுங்கி, "அடேயப்பா, என்னமாய்ப் பிடிக்கிறது! இவளைக் கோலுக்குக் காவல் நிறுத்தலாமே!" என்றது.

"அவளுக்கு ஓடத்தான் ஆசை போலிருக்கிறதே" என்றது ஒரு காட்டுக்கோழிக் குஞ்சு. "மூக்கால் தள்ளிக்கொண்டு ஓடட்டுமே. மூக்கில்தான் முள் இல்லையே!"

குட்டிகள் வாதாடினார்கள். கார்மேகி மென்றுகொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு சிலிர்ப்பியிடம், "உனக்கு எது சரியென்று படுகிறது, கண்ணு?" என்று கேட்டாள்.

சிலிர்ப்பி திகைத்துப்போனாள். அவளை யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் சண்டை.

"இடிமுழக்கம்தான்!" என்றான் பெருமுள். "எத்தனை கோப்பை! அவர் கத்தினால் காடே நடுங்குகிறது. நாளைக்கு நம் பெண் அங்கே ஆடினால் ஊரே நம்மை மதிக்கும்."

"நம்மை மதிக்கும். அவளை?" என்றாள் முள்ளரசி.

"உனக்கு எதற்கெடுத்தாலும் ஒரு கேள்வி!"

அப்போது மூலையில் "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் கேட்டது. இருவரும் திரும்பினார்கள். சிலிர்ப்பி தன் முள் ஒன்றைப் பல்லால் கடித்துப் பிடுங்கியிருந்தாள். கண்ணில் நீர் தளும்பியது. "ஒன்று வந்துவிட்டது, அப்பா. மீதியையும் பிடுங்கிவிடுகிறேன். சண்டை போடாதீர்கள்" என்றாள்.

முள்ளரசி அந்த முள்ளைக் கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு கணவனிடம் சொன்னாள்: "நாளை இரண்டு கழகத்துக்கும் இடையே ஆட்டம் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு முடிவெடுப்போம். நம் மரத்துப் பலா பழுத்துவிட்டது. வழக்கப்படி இரண்டு பயிற்சியாளருக்கும் ஆளுக்குப் பாதி கொடுத்துவிடலாம். வாய்க்கு ஓய்வு கிடைத்தால்தான் யார் என்ன கற்றுக்கொடுத்திருக்கிறார்கள் என்று தெரியும்."

கடைசி வாக்கியம் பெருமுள்ளுக்குப் புரியவில்லை. பலாப்பழம் புரிந்தது. சரி என்றான்.

குழந்தைகளே, பலாப்பழம் அரிந்த வீட்டில் பிறந்தவர்களுக்குப் பலாப்பால் எப்படி ஒட்டும் என்று தெரியும். எண்ணெய் தடவாமல் தொட்டால் விரலோடு விரல் ஒட்டிக்கொள்ளும். வாயில் பட்டால் கேட்கவே வேண்டாம். முள்ளரசிக்கு ஏமாற்றும் எண்ணமில்லை; தின்னும் நேரமாவது வாய் கத்தாமல் இருக்கட்டும் என்றுதான் நினைத்தாள். இலுப்பை எண்ணெயும் ஒரு தொன்னையில் கொண்டுபோனாள்.

இடிமுழக்க மைதானத்தில் ஆட்டம் தொடங்க இருந்தது. முள்ளரசி பாதிப் பழத்தை இடியுறுமியின் முன்னால் வைத்தாள்.

"ஐயா, இதில் பால் அதிகம். முதலில் இந்த எண்ணெயை வாயில் தடவிக்கொண்டு..."

"என்ன? எனக்கே சொல்லித் தருகிறாயா?" என்று பாய்ந்தார் இடியுறுமி. "எனக்குத் தெரியாத பழமா?" அவர் தலையை ஆட்டிய வேகத்தில் தொன்னை பறந்தது. எண்ணெய் மண்ணில் கொட்டியது. அவர் பழத்தைத் தோலோடும் பாலோடும் அள்ளி விழுங்கினார்.

முள்ளரசி மறுபக்கம் போனாள். மற்றப் பாதியைக் கார்மேகியிடம் வைத்து, "அம்மா, எண்ணெய் கொட்டிப்போய்விட்டது. ஆட்டம் முடிந்த பிறகு சாப்பிடுங்கள். இல்லாவிட்டால் வாய் ஒட்டிக்கொள்ளும்" என்றாள்.

கார்மேகி பழத்தை முகர்ந்தாள். "இந்த வாசனைக்கு யார் காத்திருப்பது? ஒட்டினால் ஒட்டட்டும் அம்மா. ஆட்டம் தொடங்கிவிட்டால் என் வாய்க்கு என்ன வேலை?" என்று சொல்லிச் சாப்பிடத் தொடங்கினாள்.

ஆட்டம் தொடங்கியது. முதல் பந்து இடிமுழக்கக் கீரிக்குட்டியின் காலுக்கு வந்தது. குட்டி தலைவரைப் பார்த்தது.

இடியுறுமி கத்த வாயைத் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. மேல்தாடையும் கீழ்த்தாடையும் ஒன்றாகிவிட்டன.

"ம்ம்ம்!" என்றார்.

குட்டி நின்றது. எல்லாக் குட்டிகளும் நின்றன.

நரி முன்னால் ஓடி வந்தது. "தலைவர் இடப்பக்கம் போகச் சொல்கிறார்!"

குட்டிகள் இடப்பக்கம் ஓடின. இடியுறுமி கோபத்தில் தலையாட்டினார். "ம்ம்ம்ம்!"

"இல்லை இல்லை, வலப்பக்கம்! தலைவர் அதைத்தான் முதலிலேயே சொன்னார்!"

எல்லாரும் வலப்பக்கம் ஓடினார்கள். பந்து இடப்பக்கத்திலேயே கிடந்தது. ஓடைக்கரைக் கீரி வந்து அதை அமைதியாக உருட்டிக்கொண்டு போய்க் கோல் போட்டது.

அந்தப் பக்கம் கார்மேகியின் வாயும் நன்றாக ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. "நீ அங்கே போ, நான் இங்கே!" "எனக்குக் கொடு!" "ஐயோ, தவறவிட்டேன்!" "போகட்டும் விடு, அடுத்த பந்து வருகிறது பார்!" என்று குட்டிகளே பேசிக்கொண்டு ஆடினார்கள். கோல் விழுந்துகொண்டே இருந்தது.

இடிமுழக்கக் குட்டிகள் மைதானத்தின் நடுவில் கூடி நின்று, "'ம்ம்' என்றால் உதை என்று அர்த்தமா, உதைக்காதே என்று அர்த்தமா?" என்று விவாதித்தார்கள். பந்து அவர்கள் பக்கத்தில் கிடந்தது. ஒரு வண்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்து பார்த்தது. வேடிக்கை பார்க்க வந்த காடு முழுவதும் சிரித்தது. இடியுறுமிக்குப் பயந்து, போன மழையிலிருந்து சிரிக்காமல் இருந்த தாய்முயல்கூடச் சிரித்தது. அவரால்தான் திட்ட முடியாதே!

பெருமுள் மட்டும் சிரிக்கவில்லை. "தற்செயலாக நடந்துவிட்டது" என்றான். "கோப்பைகளை மறந்துவிடாதே."

அப்போது அந்த மான்குட்டியிடம் பந்து உருண்டு வந்தது. முன்னால் கோல் திறந்து கிடந்தது. மான்குட்டி தலைவரைப் பார்த்தது. "ம்ம்" வரவில்லை. நரியைப் பார்த்தது. நரி வேறு பக்கம் பார்த்தது. மான்குட்டி பந்தைப் பார்த்தது.

உதைத்தது.

கோல்! அப்படியொரு கோலை அந்தக் காடு பார்த்ததில்லை. இரண்டு கழகத்துக் குட்டிகளும் துள்ளினார்கள். காடே ஆரவாரம் செய்தது.

மான்குட்டி தலையைக் குனிந்துகொண்டு நடந்தது. கள்ளிச்செடியின் பக்கத்தில் போய் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

பெருமுள் எழுந்து அதனிடம் போனான். "ஏம்ப்பா, கோல் போட்டுவிட்டு இங்கே ஏன் வந்து நிற்கிறாய்?"

"யாரும் சொல்லாமலே உதைத்துவிட்டேன், மாமா" என்றது மான்குட்டி.

பெருமுள்ளின் முள்ளெல்லாம் படுத்துவிட்டது. அத்திமரத்துக் கோப்பைகள் காற்றில் கடகடவென்று ஆடின. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. மான்குட்டியின் காலை மெல்லப் பிடித்துத் தரையில் இறக்கிவிட்டான். பிறகு நேராகக் கார்மேகியிடம் போய், "அம்மா, என் பெண்ணைச் சேர்த்துக்கொள்வீர்களா?" என்று கேட்டான்.

கார்மேகியால் பதில் சொல்ல முடியவில்லை. தலையை ஆட்டினாள். அது போதுமாக இருந்தது.

இடியுறுமியின் வாய் மறுநாள் திறந்தது. திறந்ததும், "பலாமரம் நட்டவன் எவன்?" என்று கத்தினார் என்று கேள்வி. அந்த மழைக்கு அவரிடம் புதிதாகச் சேர வந்தவர்கள் மிகவும் குறைவு. மான்குட்டியை இந்த ஆண்டுக்கும் அங்கேயே சேர்த்துவிட்டார்கள்; சட்டப்படி அது அடுத்த மழைவரை காத்திருக்க வேண்டும். ஆனாலும் தினமும் மாலையில் ஓடைக்கரை வேலிக்கு வந்து ஆட்டம் பார்க்கிறது. நான்கு காலிலும் நின்று பார்க்கிறது. அதன் பக்கத்தில், வளையைவிட்டு வெளியே வந்த ஒரு முயல்குட்டியும் நிற்கிறது.

சிலிர்ப்பி? முதல் ஆட்டத்திலேயே பந்து அவள் முதுகில் குத்திக்கொண்டது. அவள் தேடவில்லை. நிற்கவுமில்லை. பந்தோடு கோலுக்குள் ஓடிவிட்டாள். அதைக் கோலாக எடுத்துக்கொள்ளலாமா, கூடாதா என்று குட்டிகள் இன்றுவரை வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். கார்மேகி இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை. அசைபோட்டுக்கொண்டிருக்கிறாள்.

நீதி: பிள்ளையை ஒரு கழகத்தில் சேர்க்குமுன் மரத்தில் தொங்கும் கோப்பைகளைப் பார்க்காதீர்கள், பந்து காலுக்கு வரும்போது அங்கேயுள்ள பிள்ளைகள் எங்கே பார்க்கிறார்கள் என்று பாருங்கள்.