குழையாத பொங்கல்

நெடுங்குளம் சீமையை ஆண்ட சடையதேவருக்குத் தம் பண்ணை வயல்கள் மீது அளவில்லாத பெருமை. ஊரெல்லாம் காய்ந்தாலும் அங்கே மட்டும் விளைச்சல் வருஷா வருஷம் கொஞ்சம் கூடும். குறைந்ததே இல்லை. அதற்காகப் பண்ணை அதிகாரி மங்கைபாகருக்கு வருஷத்துக்கு ஒரு தங்கக் காப்பு. அவர் கும்பிட்டால் சபையே கிணுகிணுக்கும்.

அந்த வருஷம் மழை அடியோடு இல்லை. குடியானவர்கள் வரித் தள்ளுபடி கேட்டு வந்து நின்றார்கள். உழவு மாடுகளை விற்றாகிவிட்டது. மாட்டுப் பொங்கலுக்குக் குளிப்பாட்ட ஊரில் ஒரு வால்கூட இல்லை. அரசர் மசியவில்லை. என் வயலில் விளைந்தது உங்கள் வயலில் ஏன் விளையவில்லை, எல்லாம் சோம்பல்தான் என்று சொல்லிவிட்டார்.

அந்த முகங்களைப் பார்த்த பிறகு விதூஷகன் கூத்தனுக்குச் சோறு இறங்கவில்லை. நேரே பண்ணைக்குப் போய்ப் பார்த்தான். வயல் வெடிப்புக்குள் அவன் பாதம் முழுதும் போயிற்று.

மறுநாள் அரசரிடம், இப்பேர்ப்பட்ட விளைச்சலுக்குச் சூரியனுக்கு நன்றி சொல்ல வேண்டாமா என்றான். அரண்மனை வாசலில் புது நெல் குத்தி ஊருக்கே பொங்கல் வைக்கலாம், எந்த மூட்டைகளைப் பிரிப்பது என்று அரசரே கைகாட்டட்டும் என்றான். அரசருக்கு உச்சி குளிர்ந்தது. மங்கைபாகருக்கு வேர்த்தது.

பொங்கலன்று அரசர் முதல் கவளம் எடுத்தார். வெல்லம் இருந்தது, நெய் இருந்தது. அரிசிதான் ஒன்றோடொன்று ஒட்டாமல், முல்லை மொட்டுப் போல விரலிடுக்கில் உதிர்ந்தது.

"என்னடா கூத்தா, புளியோதரைக்கு வடித்த சோறு மாதிரி இருக்கிறதே?"

"புது அரிசி குழையும், மகாராஜா. இது குழைகிற வயதைத் தாண்டிய அரிசி."

மங்கைபாகர் கிணுகிணுவென்று காலில் விழுந்தார். நல்ல வருஷங்களில் மிஞ்சியதை மறைத்து மாட்டுக்கொட்டகைக்கு அடியில் புதைத்ததையும், வறண்ட வருஷத்தில் எடுத்துப் புது விளைச்சலாகக் காட்டியதையும் ஒப்புக்கொண்டார். ஒரு மணிகூடத் திருடவில்லை என்று சத்தியம் செய்தார்.

அரசர் யோசித்தார். "சேமித்துத்தானே வைத்திருக்கிறார். அதில் என்ன குற்றம்?"

"சேமித்தது குற்றமில்லை, மகாராஜா. என்றோ பெய்த மழையை இந்த வருஷம் பெய்ததாகச் சொன்னார். நீங்கள் அந்த மழைக்கு இந்தக் குடியானவர்களிடம் வரி கேட்டீர்கள்."

அரசர் தலை குனிந்தார். வரி அன்றே தள்ளுபடியாயிற்று. புதைத்திருந்த நெல் குடியானவர் வீடுகளுக்குப் போயிற்று. மங்கைபாகரின் காப்புகள் எல்லாம் கழன்றன. அதில் கனமானதை அரசர் கூத்தனிடம் நீட்டினார்.

கூத்தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"இப்போது வேண்டாம், மகாராஜா. புதைத்து வையுங்கள். எனக்கு ஒரு யோசனையும் தோன்றாத வருஷத்தில் எடுத்துக் கொடுங்கள். நானும் வருஷா வருஷம் கெட்டிக்காரனாகவே தெரிவேன்."

அரசர் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த பொங்கல் உதிர்ந்தது, ஒட்டாமல்.