போண்டாக்காரி நிரப்பிய கட்டங்கள்

கோவில்பட்டி நூலக விழாவுக்கு வந்திருந்தார் ஞானசிகாமணி. வாராவாரம் பத்திரிகையில் குறுக்கெழுத்துப் புதிர் போடுகிறவர். கழுத்தில் மாலை ஏறியதும் தலைகால் புரியவில்லை.

"என் புதிரை முழுசா நிரப்பின ஆள் இந்த ஊர்ல உண்டா?"

வாசலில் போண்டா விற்கும் செண்பகவல்லி கையைத் தூக்கினாள். கூட்டம் சிரித்தது, நானும்தான்.

அவருக்குச் சுருக்கென்றது. "இது அடுத்த வாரப் புதிர். குறிப்பைப் பார்க்காம நிரப்பு. முடியலைன்னா இந்த வாசல்ல இனி கடை போடக் கூடாது!" என்று கட்டத் தாளை அவளிடம் நீட்டிவிட்டு, குறிப்புத் தாளை மடித்து வைத்துக்கொண்டார்.

அவள் கறுப்புக் கட்டங்களை உற்றுப் பார்த்தாள். பிறகு மளமளவென்று எழுதினாள். வைகை, கல்யாணி, தூதுவளை... கட்டம் எல்லாம் நிரம்பிவிட்டது. குறிப்புத் தாளை வாங்கிச் சரிபார்த்த நூலகர், "அத்தனையும் சரி" என்றார். எங்களுக்குப் புல்லரித்தது.

"எப்படிம்மா?" என்று கேட்டார் நூலகர்.

"பத்து வருஷத்துக்கு முந்தி பழைய பேப்பர்ல பார்த்ததுங்க. புதிரைப் போட்டுப் பார்க்காம நான் பொட்டலம் மடிக்கிறதில்லை. ஐயா கறுப்புக் கட்டத்தைக்கூட மாத்தலையே."

அப்புறம் ஒரு பழைய தாளில் இரண்டு போண்டாவை மடித்து அவரிடம் நீட்டினாள்.

"சாப்பிட்டுட்டு பேப்பரைப் பத்திரமா வச்சுக்கோங்கய்யா. அதுக்கடுத்த வாரத்துக்கு ஆகும்."