நரம்பா, எழுத்தா?

வெண்குன்றத்து ராஜாவுக்கு வழக்கு கேட்பதென்றால் பாயசம் குடிக்கிற மாதிரி. அன்று வந்ததோ அண்டாப் பாயசம்! சம்பந்தம் பேசி முடித்த இரண்டு பண்டிதர்கள், கல்யாணத்தை நிறுத்திவிட்டுச் சபையில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

பெண்ணைப் பெற்ற ஆதிமூலம் சொன்னார்: "உலகமே நுண்ணிய நரம்புகள், மகாராஜா! ஒரு மாதிரி அதிர்ந்தால் கல். வேறு மாதிரி அதிர்ந்தால் கத்தரிக்காய்."

பிள்ளையைப் பெற்ற சடகோபர் குதித்தார்: "இல்லை! உள்ளே நடப்பதெல்லாம் உலகத்தின் வெளி விளிம்பில் எழுதியிருக்கிறது. ஆழம் என்பதே அந்த எழுத்தின் தோற்றம்தான்!"

"இரண்டில் ஒன்று பொய்," என்றார் ராஜா உற்சாகமாக. "மருதப்பா, பொய் எதுவென்று மாலைக்குள் கண்டுபிடி. சொன்னவர் மீசையை மழித்துவிடலாம்!"

மந்திரி மருதப்பன் மனத்துக்குள் கணக்குப் போட்டான். யார் மீசை போனாலும் கல்யாணம் போச்சு. மணப்பெண் மாதங்கியோ தூணருகே கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள். அவள் யாழ் வாசிப்பவள் என்பது நினைவுக்கு வந்ததும் மருதப்பன் துள்ளி எழுந்தான்.

மாலையில் சபை நடுவே ஆளுயர நெற்குதிர் ஒன்று வந்து நின்றது. உள்ளே யாழோடு மாதங்கி. குதிரின் வாயில் இழுத்துக் கட்டிய தோல். தோல்மேல் பொடி மணல்.

அவள் ஒரு நரம்பை மீட்டினாள். மணல் நடுங்கி வளையமாயிற்று. இன்னொன்றை மீட்டினாள். நட்சத்திரமாயிற்று! ராஜா சிம்மாசனத்தின்மேல் ஏறி நின்று பார்த்தார்.

எந்த நரம்புக்கு எந்தக் கோலம் என்று ஒருமுறை காட்டியபின், மருதப்பன் ஆதிமூலத்தின் கண்ணைக் கட்டினான். சடகோபரின் காதில் பஞ்சை அடைத்தான். "வாசி அம்மா!"

"மூன்றாம் நரம்பு!" என்றார் கேட்டவர். "மூன்றாம் நரம்பு!" என்றார் பார்த்தவர். அடுத்து, "ஐந்து!" "ஐந்து!" எத்தனை முறை மீட்டினாலும் இருவர் வாயிலும் ஒரே பதில். கண்கட்டையும் பஞ்சையும் பிடுங்கி எறிந்துவிட்டுச் சம்பந்திகள் கட்டிக்கொண்டார்கள்.

"உள்ளே நரம்பு, வெளியே எழுத்து. சேதி ஒன்றுதான் ராஜா," என்றான் மருதப்பன். "இவர் நரம்புக் கணக்கைப் போட்டால் அவர் எழுத்து பிசகாமல் வருகிறது. அவர் எழுத்தைப் படித்தால் இவர் நரம்பு தெரிகிறது."

"அப்போ நம் உலகமும் இந்தக் குதிர் மாதிரிதானா?"

"அது தெரியாது. குதிருக்கு இந்தத் தோல்மூடி இருக்கிறது. உலகத்தின் மூடியை யார் பார்த்தது?"

ராஜாவுக்குத் திருப்தி இல்லை. "இருக்கட்டும். பொய் எங்கே? நாவிதர் காத்திருக்கிறாரே!"

மருதப்பன் பணிவாகக் குனிந்தான். "இன்று இந்தச் சபையில் ஒரே ஒரு பொய்தான் சொல்லப்பட்டது மகாராஜா. 'இரண்டில் ஒன்று பொய்' என்று யாரோ சொன்னார்கள். அவர் யாரென்று..."

ராஜா சட்டென்று இரண்டு கையாலும் மீசையைப் பொத்திக்கொண்டார். விரல் இடுக்கு வழியாகச் சிரிப்பு வெடித்தது.

"நாவிதரை வீட்டுக்கு அனுப்பு! மேளக்காரனைக் கூப்பிடு!"