மகனின் மேலாடை

இன்றைய துருக்கியில் இருந்த பழங்கால ஹிட்டைட்டு நாட்டுத் தலைநகரான ஹத்துசாவில் தத்தமாரு என்றொரு பிரபு இருந்தார். சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர் என்று பெயர். அந்தப் பெயரைப் பரப்பியவரும் அவரேதான்.

அவருடைய தாய் அன்னாவி ஒரு விதவை. பெற்றவள் மேல் இருந்த பாசத்தில் தத்தமாரு அவளை மாட்டுக் கொட்டிலுக்குக் குடிமாற்றினார். காற்றோட்டமான இடமாம். சில நாள் காற்று வாங்கிப் பார்த்த அன்னாவி, ஊரார் முன்னிலையில் மகனின் மேலாடையை உருவிவிட்டாள். அந்த நாட்டில் பெற்றவர் பிள்ளையின் மேலாடையை உருவினால் அவனுக்கு வீடும் இல்லை, நிலமும் இல்லை; திரும்பப் போர்த்திவிட்டால் எல்லாம் உண்டு.

தத்தமாரு புது மேலாடை ஒன்றைப் போர்த்திக்கொண்டு அரசவைக்கு ஓடினார்; அன்னாவியும் பின்னாலேயே வந்து சேர்ந்தாள். மன்னரும் அரசியும் சேர்ந்து வழக்குக் கேட்கும் அவை அது. அரசிக்குத் தனி முத்திரை உண்டு. அதைக் காப்பவள் முவத்தி. அவளுக்கு வாய் சும்மா இராது.

“என் சூரியனே,” என்று அந்நாட்டு முறைப்படி மன்னரை அழைத்தார் தத்தமாரு. “ஒரு பெண்பிள்ளை செய்த காரியம் சட்டத்தில் செல்லாது. வீடு என்னுடையதுதான்.”

அரசியை எதிரில் வைத்துக்கொண்டே இதைச் சொன்னார். அவ்வளவு புத்திசாலி. அவர் சொல்வது எடுபட்டால் அன்னாவிக்கு இனி அந்தக் கொட்டிலும் மிஞ்சாது.

மன்னர் முவத்தியைப் பார்த்தார். அவள் பணிவாக எழுந்து, பிரபு சொல்வதே சரி என்றாள். சபை திகைத்தது. தத்தமாருவுக்கு உச்சி குளிர்ந்தது.

“ஒரு சின்னச் சந்தேகம்,” என்றாள் முவத்தி. “குதிரைகளை விற்றுக் குடித்ததற்காக உங்கள் தகப்பனார் உங்கள் மேலாடையை உருவினாரே, ஊருக்கே தெரியும். அவர் காலமான பிறகு அதைத் திரும்பப் போர்த்தியது யார்?”

“அம்மா,” என்றார் தத்தமாரு.

“பெண்பிள்ளை. அப்படியானால் போர்த்தியது செல்லாது. தகப்பனார் உருவியதே நிற்கிறது.”

அம்மா போர்த்தியது செல்லும், பெண்கள் செய்வது எல்லாமே செல்லும் என்று அவசரமாகப் பேச்சை மாற்றினார் தத்தமாரு.

“அப்படியானால் உங்கள் அம்மா இப்போது உருவியதும் செல்லும்,” என்றாள் முவத்தி. “இரண்டில் எது பிடிக்கிறதோ எடுத்துக்கொள்ளுங்கள்.”

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். வீடு அன்னாவிக்கே என்ற தீர்ப்பின் மேல் அரசி தன் முத்திரையை அழுத்தினாள். முவத்திக்கு வெள்ளிக் கிண்ணம் கிடைத்தது. தத்தமாருவின் புது மேலாடை அன்னாவியின் தோளுக்குப் போனது.

தத்தமாரு தாயின் காலில் விழுந்து, இந்தக் குளிரில் எங்கே போவேன் என்று அழுதார்.

அன்னாவி சற்று யோசித்தாள். பெற்ற மனம் அல்லவா.

“கொட்டில் காலியாகத்தான் இருக்கிறது, போ,” என்றாள். “நல்ல காற்றோட்டம்.”