மும்மாரி பொழியும் நாட்டில் ஒரு குழி

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பேர் எதற்கு, எந்தப் பேர் வைத்தாலும் பொருந்தும். அந்நாட்டு அரசன் கொலுவில் அமர்ந்ததும், "மந்திரியாரே, மாதம் மும்மாரி பொழிகிறதா?" என்பான். "தங்கள் செங்கோலின் மகிமையால் தவறாமல் பொழிகிறது, அரசே" என்பார் மந்திரி வீரகண்டர். ஆறு மாதமாக வானம் ஒரு தூறல்கூடப் போடவில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று சொல்லும் வழக்கம் எந்தச் சபையிலும் கிடையாது.

ஒருநாள் அரசன் நகர்வலம் போனான். ஊரெல்லாம் காய்ந்து கிடக்க, காத்தாயியின் கொல்லையில் மட்டும் பச்சை தெரிந்தது. அரசனின் சண்டையில் புருஷனைப் பறிகொடுத்தவள் அவள். கூரை ஓரத்தில் மூங்கில் தூம்பு கட்டி, ஐப்பசி மழையைக் களிமண் பூசிய குழியில் இறக்கி, கீற்றுப் போட்டு மூடியிருந்தாள். அதைச் சிரட்டையால் மொண்டு அவரைக்கும் கத்தரிக்கும் ஊற்றுவாள். மூன்று பிள்ளைகளின் சோறு அந்தக் கொல்லைதான்.

"எதற்கு இந்தக் குழி?" என்றான் அரசன்.

"மழை இல்லாத நாளுக்குங்க, சாமி" என்றாள் அவள், வெள்ளந்தியாக.

அரசன் முகம் கறுத்தது. வீரகண்டர் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார்: "அரசே, மும்மாரி பொழியும் நாட்டில் மழைநீரைச் சேர்த்து வைப்பது தங்கள் செங்கோலைச் சந்தேகிப்பதாகும். தலைநகரில் ஒரு சொட்டு மழைநீரும் தேங்கக் கூடாது என ஆணையிடுங்கள். அதை விகடகவி செவந்தியப்பனே நிறைவேற்றட்டும். ஒரு சொட்டு மிஞ்சினாலும் அவன் தலை போகட்டும்."

செவந்தியப்பன் பேச்சுக்கு அரசன் சிரிப்பது மந்திரிக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல். அரசனோ, "அப்படியே ஆகட்டும்" என்று முத்திரை மோதிரத்தைக் கழற்றிச் செவந்தியப்பனிடம் கொடுத்தான்.

முதல் குழி காத்தாயியுடையது. மந்திரியின் ஆள் பின்னாலேயே நின்று பார்த்தான்.

"அய்யா, எம் புள்ளைங்க வயித்துல மண்ணள்ளிப் போடாதீங்க!" என்று காலில் விழுந்தாள் அவள்.

செவந்தியப்பன் மண்ணைத் தள்ளினான். விகடகவிக்கும் கழுத்து ஒன்றுதானே. நியாயம் என்று நான் சொல்லவில்லை; நடந்ததைச் சொல்கிறேன்.

ஆனால் அவன் அந்தத் தெருவோடு நிற்கவில்லை. அரண்மனை குன்றின்மேல் இருந்தது. அங்கே கிணறு கிடையாது. பாறையில் வெட்டிய பெரிய தொட்டிகளில் தேங்கும் மழைநீர்தான் அரசனுக்கும் மந்திரிக்கும். முத்திரையைக் காட்டி, அத்தனை மதகையும் திறந்துவிட்டான்.

மறுநாள் உச்சிவேளையில் அரசன் தண்ணீர் கேட்டான். பொற்கிண்ணம் மட்டும் வந்தது.

"செவந்தியப்பா, என்ன காரியம் செய்தாய்!"

"தங்கள் ஆணை, அரசே. தங்கள் செங்கோலைத் தாங்களே சந்தேகிக்கலாமா? அதனால் திறந்துவிட்டேன்."

"என் தாகத்துக்கு வழி?"

"இம்மாதத்து மூன்று மழையில் ஒன்றாவது மிச்சமிருக்கும். முற்றத்தில் வாயைத் திறந்து அண்ணாந்து நின்றால் போதும். தினமும் மழையைப் பார்க்கிறவர் மந்திரியார். அவரே முதலில் நின்று காட்டட்டும்."

அரசன் சைகை காட்டினான். வீரகண்டர் வெயிலில் ஒரு நாழிகை வாயைப் பிளந்து நின்றார். உள்ளே போனது ஓர் ஈ மட்டும்தான்.

யாரோ இளநீர் சீவிக் கொடுத்தார்கள். அதைக் குடித்த பிறகுதான் அரசனுக்குச் சிரிப்பு வந்தது. அரசன் சிரிக்கவே சபையும் சிரித்தது, மந்திரியும் சிரித்தார். ஆணை ரத்தாயிற்று. செவந்தியப்பனுக்குப் பட்டுச் சால்வையும் 'விகடச் சக்கரவர்த்தி' என்ற பட்டமும் கிடைத்தன. யார் தலையும் போகவில்லை. தொட்டிகளை நிரப்ப, ஆற்றில் மிச்சமிருந்த ஊற்றுநீரையெல்லாம் மாடுகள் குன்றேற்றின.

சால்வையோடு அவன் காத்தாயி வீட்டுக்கு ஓடினான். அவரைக் கொடி பந்தலிலேயே வதங்கித் தொங்கியது. அவள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"இனிமே குழி வெட்டிக்கலாம் தாயி. அரசரே சொல்லிட்டார்."

"குழி வெட்டத் தெரியும்யா. தண்ணிக்கு ஐப்பசி வரைக்கும் எங்க போவேன்?"

அவன் சால்வையைக் கழற்றிச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டான். காத்தாயி மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

"ராசாவையே சிரிக்க வச்சீங்களாமே. எம் புள்ளைங்களை ஒருதரம் சிரிக்க வையுங்க, பாப்போம்."

மூன்று பிள்ளைகளும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றன.