சம்மணம்

"அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிருவீங்க?" என்றாள் முத்தரசி.

லைசென்ஸ் தபாலில் வந்து மூன்று நாள் ஆகிறது. நாளைக் காலை தோழிகள் மூவரை ஏற்றிக்கொண்டு குற்றாலம் போவதாக வாக்குக் கொடுத்தாயிற்று. அப்பாவோ, ஓட்டக் கற்றுக்கொடுத்த இமெல்டா சரி என்றால்தான் வீட்டுக் கார் சாவி என்று உட்கார்ந்துவிட்டார்.

அண்ணனுக்கு மட்டும் யாரையும் கேட்காமல் கொடுத்த சாவி. காம்பவுண்டுச் சுவரை இரண்டு முறை இடித்த பிறகும் அவனிடமிருந்து பிடுங்காத சாவி.

இமெல்டா பயிற்சிக் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முத்தரசியைவிட நான்கே வயது மூத்தவள்.

முத்தரசி விடவில்லை. லைசென்ஸ் சோதனையில் எச் போட்டது, அதிகாரி தலையாட்டியது, எல்லாவற்றையும் அடுக்கினாள். இதைவிடக் குறைந்த சான்றுகளோடு பட்டிமன்றத்தில் கோப்பை வாங்கியவள்.

"இருபத்திரண்டு நாள் கிளாஸ், எக்கா. எங்கேயாவது இடிச்சேனா?"

"இல்லை."

"அப்புறம் என்ன?"

இமெல்டா சாவியை நீட்டினாள்.

"வா, டீக்கடை வரைக்கும் ஓட்டு."

இடப்பக்கம் ஏறியவள் செருப்பைக் கழற்றினாள். கால்களை இருக்கைமேல் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டாள்.

"என்ன, பந்திக்கு உட்கார்ந்த மாதிரி?"

"நீதான் ஓட்டிருவியே."

சந்தை முக்கில் பால்கேன் கட்டிய சைக்கிள் ஒன்று குறுக்கே திரும்பியது.

முத்தரசி எப்போதும்போல் மிதித்தாள். கார் எப்போதும்போல் நிற்கவில்லை.

இமெல்டாவின் கை ஹேண்ட் பிரேக்கை இழுத்த பிறகுதான் நின்றது. கேனுக்கும் காருக்கும் நடுவே ஒரு சாண். பால்காரர், கண்ணைப் பிடரியில் வைத்துக்கொண்டா ஓட்டுகிறாய் என்று கேட்டுவிட்டுப் போனார்.

முத்தரசிக்கு வாய் அடங்கவில்லை.

"பிரேக்குல என்னவோ செஞ்சு வச்சிருக்கீங்க. வேணும்னே."

"அதே வண்டி. அதே பிரேக்."

"பொய். தினமும் இதே முக்குல, இதே மாதிரிதான் மிதிப்பேன். டக்குனு நிக்கும்."

"நிக்கும்."

"இன்னைக்கு மட்டும் ஏன் நிக்கலை?"

இமெல்டா சம்மணத்தைக் கலைத்தாள். மரத்துப்போன வலது காலைக் கையால் தூக்கி இறக்கி, தன் பக்கத்திலிருந்த இரண்டாவது பிரேக்கின் மேல் வைத்தாள்.

முத்தரசி குனிந்து பார்த்தாள். அந்த பிரேக்கின் ரப்பர் வரி தெரியாமல் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. தன் காலடியில் இருந்ததில் வரி வரியாக, அப்படியே புதுசு.

பின்னால் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது. மடியில் போன் அதிர்ந்தது, தோழிகள்தான்.

"எக்கா," என்றாள் எரிச்சலோடு, "குற்றாலத்துக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு?"