கௌதாரி வீட்டுக்கு வந்த கீரிக் காவல்

கரட்டுக் காட்டில், ஒரு பாறை இடுக்கில், செவந்தாயி என்ற கௌதாரி குடியிருந்தாள். அவளுக்கு ஏழு பிள்ளைகள். ஏழு பேரும் வளர்ந்து, ஆளுக்கு ஒரு புதருக்குள் கூடு கட்டிப் போய்விட்டார்கள்.

கௌதாரி தரையில் முட்டையிடுகிற பறவை. கூடு எங்கே இருக்கிறது என்று வெளியே தெரிந்தால் அவ்வளவுதான். ஆகவே பிள்ளைகள் தங்கள் கூட்டின் இடத்தை அம்மாவிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லி வைத்திருந்தார்கள். செவந்தாயிக்கு வயசாகிவிட்டதால் மறதி. அதனால் தன் வீட்டுக் கம்ப்யூட்டரில், பிள்ளைக்கு ஒன்றாக ஏழு கோப்பு போட்டு, ஒவ்வொன்றிலும் அந்தந்தக் கூட்டுக்குப் போகிற வழியை எழுதி வைத்திருந்தாள். தினமும் காலையில் அந்த ஏழு கோப்பையும் திறந்து பார்த்து, ஏழு பேருக்காகவும் கண்ணை மூடிக் கும்பிட்ட பிறகுதான் இரை தேடவே போவாள்.

ஒரு நாள் மத்தியானம் சுள்ளென்று வெயில். மூத்த மகள் சின்னமணியின் கூட்டில் ஒன்பது முட்டைகள் பொரிகிற நேரம். இன்றைக்கோ நாளைக்கோ என்று இருந்தது. குஞ்சுகளுக்குக் கறையான் ஊட்டலாமா, எறும்பு ஊட்டலாமா என்று செவந்தாயி கம்ப்யூட்டரில் தேடிக்கொண்டிருந்தாள்.

திடீரென்று திரை முழுக்கச் சிவப்பானது!

"ஆபத்து! ஆபத்து! பாம்புகள் அனுப்பிய முப்பத்தெட்டு வைரஸ்கள் உங்கள் கம்ப்யூட்டருக்குள் புகுந்துவிட்டன! உங்கள் பிள்ளைகளின் கூடுகளைப் பாம்புகள் தேடிக்கொண்டிருக்கின்றன! காப்பாற்ற இங்கே கொத்துங்கள்!"

செவந்தாயிக்கு இறகெல்லாம் சிலிர்த்துப்போனது. எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு படம். பாம்பின் தலையை மிதித்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றது ஒரு கீரி. அதன் கீழே, 'கீரிக் காவல் – இலவசம்' என்று போட்டிருந்தது.

கீரி பாம்பைக் கொல்லும். முட்டையையும் தின்னும். இரண்டாவது விஷயம் அந்தப் பயத்தில் அவளுக்கு மறந்தே போனது. கொத்தினாள்.

உடனே 'ஊய் ஊய்' என்று ஊளைச் சத்தம் கிளம்பியது. அந்தச் சத்தம் வேண்டாமென்று மூலையிலிருந்த பெருக்கல் குறியைக் கொத்தினாள். ஒரு சிவப்புப் பெட்டி மூடியது. இரண்டு திறந்தது. அந்த இரண்டையும் மூடினாள். நாலு திறந்தது!

"ஐயோ கடவுளே, இது என்ன சோதனை!" என்று பதறினாள். சின்னமணிக்கு ஒரு வார்த்தை சேதி அனுப்பலாம் என்று கடிதப் பெட்டியைத் திறக்கப் போனாள்.

"திறக்காதே! அந்த வழியில் பாம்பு இருக்கிறது!" என்று கத்தியது திரை.

பிள்ளைகளின் கோப்பைத் திறக்கப் போனாள்.

"தொடாதே! தொட்டால் ஏழும் அழிந்துவிடும்!"

"அப்போ நான் என்னதான் செய்யறது?" என்று அவள் திரையிடமே கேட்டுவிட்டாள். கேட்டதுமே பதிலும் வந்தது.

"கூடுகள் எங்கே என்று இங்கே எழுது. ஒவ்வொரு கூட்டுக்கும் ஒரு காவல் போடுகிறேன். யாரிடமும் சொல்லாதே! சொன்னால் பாம்புக்குக் கேட்டுவிடும்! சீக்கிரம்! சீக்கிரம்!"

திரையில் ஒரு மணல் குடுவை வேகமாகக் கொட்டத் தொடங்கியது. செவந்தாயியின் நெஞ்சு அதைவிட வேகமாக அடித்துக்கொண்டது. அவள் கண்ணுக்குள் சின்னமணியின் ஒன்பது முட்டைகள்தான் தெரிந்தன. அலகால் எழுத்து எழுத்தாகக் கொத்தினாள்.

'மூத்தவள் கூடு. மொட்டைப் பாறைக்கு வடக்கே, ஓடைக் கரையில், இரட்டைச் சூரைப் புதர். இடது பக்கத்துப் புதரின் அடியில்.'

அனுப்பினாள். போய்விட்டது.

"நல்லது! அடுத்த கூடு? சீக்கிரம்! இதோ, உன் ஒன்பதாம் பிள்ளையின் கோப்பில் பாம்பு வைரஸ் புகுந்துவிட்டது!"

செவந்தாயி அலகைத் தூக்கினாள். அது அந்தரத்திலேயே நின்றது.

"ஒன்பதாம் பிள்ளையா? நான் பெத்தது ஏழுதானே!"

"ஒன்பதாம் பிள்ளை! ஒன்பதாம் பிள்ளை! பாம்பு! பாம்பு!" என்று திரை அலறியது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்தக் காட்டில் தவிட்டுக் குருவிகள் பாம்பைப் பார்த்தால் எப்படிக் கத்தும்? 'இந்தக் கல்லுக்கடியில இருக்கு, இந்த வேருக்கடியில இருக்கு' என்று பாம்பு இருக்கிற இடத்தைத்தான் காட்டிக் கத்தும். உன் முட்டை எங்கே என்று எந்தக் குருவியும் ஒருநாளும் கேட்டதில்லை!

 ஊளையிடுகிற கம்ப்யூட்டரைச் செவந்தாயி அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடினாள்.

பக்கத்து ஊஞ்ச மரத்தில் கொண்டையக்கா என்ற மரங்கொத்தி இருந்தாள். யார் வீட்டில் கம்ப்யூட்டர் கெட்டாலும் அவள்தான் வந்து பார்ப்பாள். வாய் கொஞ்சம் துடுக்கு. மனசு தங்கம்.

"அக்கா! கொண்டையக்கா! என் வீட்டுல பாம்புன்னு சொல்லுதக்கா! கம்ப்யூட்டரு கத்துதக்கா!"

"பாம்பு சொல்லுதா, கம்ப்யூட்டர் சொல்லுதா? மூச்சு விட்டுட்டுச் சொல்லு, செவந்தி!"

"நீயே வந்து பாரக்கா!"

கொண்டையக்கா பறந்து வந்தாள். திரையைப் பார்த்தாள். படிக்கக்கூட இல்லை. நேராகப் போய் நெட் ஒயரைக் கவ்விப் பிடுங்கினாள்.

"முதல்ல வாசலை அடைக்கணும். உள்ள இருக்கிற திருடன் வெளிய இருக்கிறவன்கிட்டப் பேசக் கூடாது, பாத்தியா? இது காவலும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல. பொய்! எங்கே பார்த்தாலும் இதே கீரிப் படம்தான். சரி, இதுகிட்ட ஏதாச்சும் எழுதிக் குடுத்தியா?"

செவந்தாயி வாயைத் திறந்தாள். பெற்ற மகளின் கூட்டை நானே காட்டிக் கொடுத்தேன் என்று எப்படிச் சொல்வாள்?  ஒரு கூடுதானே எழுதினேன், ஒயரையும்தான் பிடுங்கியாச்சே, போயிருக்காது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

"இல்லக்கா. ஒண்ணும் எழுதல."

"தப்பிச்ச போ! அப்போ நிதானமாவே பார்க்கலாம்."

கொண்டையக்கா கம்ப்யூட்டரை அணைத்தாள். மறுபடி எழுப்பும்போது முழுசாக எழுப்பவில்லை. கம்ப்யூட்டர் ஓடுவதற்கு அவசியமானது மட்டும் விழித்துக்கொள்கிற மாதிரி, சேஃப் மோடில் எழுப்பினாள்.

"இப்படி எழுப்பினா இந்தக் கீரிப் பய தூங்கிட்டே இருப்பான். தூங்கும்போதே தூக்கி வெளிய போட்டுடலாம்."

பெயரைத் தேடிப் பிடித்து, நீக்கு என்று கொத்தினாள். ஒரு பெட்டி வந்தது.

"என்னை நீக்கினால் கம்ப்யூட்டர் வெடித்துவிடும்! நிச்சயம் நீக்கவா?"

செவந்தாயி ஓடிப்போய்ப் பானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"வெடிக்கட்டும், அந்த வேடிக்கையையும் பார்ப்போம்!" என்று கொண்டையக்கா கொத்தினாள். வெடிக்கவில்லை. பெட்டி மறைந்தது.

கம்ப்யூட்டரை அணைத்து, பழையபடி முழுசாக எழுப்பினார்கள். திரை வெளுத்தது. செவந்தாயி பெருமூச்சு விட்டாள். பாதி மூச்சுதான் விட்டிருப்பாள்.

'ஊய்! ஊய்!'

மறுபடியும் சிவப்பு! மறுபடியும் கீரி!

"அக்கா!" என்று அலறினாள் செவந்தாயி.

"கத்தாதே! புழு அறுந்தாலும் தலை மரத்துக்குள்ளயே இருக்குன்னு அர்த்தம்." கொண்டையக்கா தலையைச் சாய்த்து யோசித்தாள். மறுபடி சேஃப் மோடுக்குப் போனாள். கோப்பு கோப்பாக, மரத்தைத் தட்டுவது மாதிரித் தட்டிக்கொண்டே போனாள். கம்ப்யூட்டர் கண் விழித்ததும் முதலில் யார் யார் எழுந்திருக்க வேண்டும் என்ற பட்டியலில், வேறு பெயர் வைத்துக்கொண்டு அது பதுங்கியிருந்தது. அதைப் பிடுங்கினாள். அது வைத்திருந்த இன்னொரு கோப்பையும் குடைந்து எடுத்தாள். குப்பைத் தொட்டியையும் காலி செய்தாள்.

வெளியே நிழல் நீண்டுகொண்டே போனது. செவந்தாயி வாசலுக்கும் திரைக்குமாக நடந்தாள். ஓடைப் பக்கம் ஒரு குருவி கீச்சிட்டால்கூட ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள். 'கடவுளே, அது போயிருக்கக் கூடாது. சாமி, அது போயிருக்கக் கூடாது' என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். ஆனால் வாயைத் திறந்து சொல்லவில்லை.

"இப்போ நிஜமான வைரஸ் பார்க்கிற சாமானைப் போடறேன்" என்று கொண்டையக்கா தன் பையிலிருந்து ஒரு சின்னப் பென்டிரைவை எடுத்துச் சொருகினாள். அது கத்தவில்லை. ஊளையிடவில்லை. தன் பாட்டுக்கு வேலை பார்த்தது. வெகுநேரம் கழித்து ஒரே ஒரு வரி காட்டியது.

"பார்த்தியா செவந்தி! முப்பத்தெட்டு வைரஸும் பொய். இருந்த ஒரே வைரஸ் அந்தக் கீரிதான். அதையும் எடுத்தாச்சு. எதுக்கும் வெளிய ஏதாச்சும் போயிருக்கான்னும் பார்த்துடறேன்…" என்றவள் சட்டென்று நின்றாள். "இது என்ன? ஒயரைப் பிடுங்கறதுக்கு முன்னால இங்கேயிருந்து ஒரு சேதி வெளிய போயிருக்கே!"

செவந்தாயி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா… சின்னமணி கூடு. நான்தான் எழுதினேன்."

"அடிப் பாவி! ஒரு கேள்விதானே கேட்டேன்! அதை அப்பவே சொல்லியிருந்தா, கம்ப்யூட்டரைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டு அங்கேயில்ல ஓடியிருப்போம்!"

"வெட்கமா இருந்துச்சக்கா!"

"வெட்கத்தை நாளைக்குப் படலாம். இப்போ ஓடு!"

ஓடினார்கள். கொண்டையக்கா மேலே பறந்தாள். செவந்தாயி பாதி பறந்து, பாதி ஓடி, முள்ளில் விழுந்து எழுந்து போனாள். வழியெல்லாம் வாயில் கடவுள் பேர்தான்.

இரட்டைச் சூரைப் புதர் கண்ணில் படுவதற்கு முன்னாலேயே ஒரு வால் கண்ணில் பட்டது.

பழுப்பு நிறக் கீரி ஒன்று புதரைச் சுற்றி மோந்துகொண்டிருந்தது. சத்தமாகப் பேசிக்கொண்டும் இருந்தது.

"மொட்டைப் பாறைக்கு வடக்கே, சரி. ஓடைக் கரை, சரி. இடது பக்கத்துப் புதர். அடடா, அந்தக் கெழவி எவ்வளவு சுத்தமா எழுதியிருக்கு!"

புதருக்குள் சின்னமணி மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். அவள் சிறகுக்கடியில் ஏழு குஞ்சுகள் அப்போதுதான் பொரிந்து, ஈரம் காயாமல் நடுங்கின. இரண்டு முட்டைகள் இன்னும் உடையவில்லை. கீரி சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவள் காதில் விழுந்தது.

செவந்தாயி ஒரு கணம்கூட நிற்கவில்லை. கீரியின் மூக்குக்கு முன்னால் போய் விழுந்தாள். ஒரு சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு, ஒடிந்ததுபோல் படபடத்தாள்.

"ஐயோ, என் சிறகு! என் சிறகு!"

"ஓ! முட்டை தேடி வந்தா கறியே வந்து விழுதே!" என்று கீரி பாய்ந்தது.

அவள் நொண்டினாள். அது பாய்ந்தது. அவள் இரண்டு முழம் தள்ளி விழுந்தாள். அது மறுபடி பாய்ந்தது. ஒரு தடவை அதன் பல் அவள் வால் இறகைப் பிடுங்கியே விட்டது! ஓடையைத் தாண்டி, மேட்டைத் தாண்டி, கள்ளிக் காட்டுக்குள் அதை இழுத்துக்கொண்டு போனாள். கீரி முள் நடுவில் வந்து நின்றதும், அவள் சிறகை விரித்து விர்ரென்று எழும்பினாள்.

அதற்குள் கொண்டையக்கா மேலிருந்து கத்தினாள். "சின்னமணி! குஞ்சுங்களைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பு! திரும்பிப் பார்க்காதே!"

ஏழு குஞ்சுகளும் தாயின் பின்னால் தத்தித் தத்தி ஓடின. முட்டைகளை அவளால் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை.

கீரி திரும்பி வந்தது. அந்த இரண்டையும் தின்றுவிட்டுப் போனது.

பொழுது சாய்கிற நேரத்தில், தூரத்து ஆவாரம் புதருக்குள் அம்மாவும் மகளும் சந்தித்தார்கள்.

"அம்மா, அந்த இடம் உனக்கும் எனக்கும் மட்டும்தானே தெரியும்?"

செவந்தாயி இந்தத் தடவை மறைக்கவில்லை. சிவப்புத் திரையிலிருந்து, கொண்டையக்காவிடம் சொன்ன பொய்வரை எல்லாவற்றையும் சொன்னாள்.  சின்னமணி குஞ்சுகளைச் சிறகுக்குள் இழுத்து மூடிக்கொண்டாள்.

"போனது போச்சு. மிச்ச ஆறு பேர்கிட்டயும் நீயே போய்ச் சொல்லும்மா. அவங்க கம்ப்யூட்டர்லயும் அந்தக் கீரிக் காவல் வந்து நிக்கும்."

செவந்தாயி அப்போதே கிளம்பினாள். இரண்டாவது மகள் கூட்டுக்குப் போய், தலையைக் குனிந்துகொண்டு, "நான் ஏமாந்துட்டேன் தாயி. சின்னமணி கூட்டை நானே எழுதிக் குடுத்துட்டேன்" என்று ஆரம்பித்தாள்.

அந்த மகள் சட்டென்று தன் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா… சிவப்பாவா? ஊய் ஊய்னு கத்துமா? இன்னிக்குக் காலையிலேருந்து என் வீட்டுலயும் கத்திக்கிட்டிருக்கும்மா! வெட்கப்பட்டுக்கிட்டு யார்கிட்டயும் சொல்லல. இடத்தை எழுதி வச்சிட்டேன், இன்னும் அனுப்பல!"

"அனுப்பாதே! ஒயரைப் பிடுங்கு!" என்று செவந்தாயி போட்ட சத்தத்தில் காடே அதிர்ந்தது. துணைக்கு மேலே பறந்து வந்துகொண்டிருந்த கொண்டையக்கா, பையைக் கவ்விக்கொண்டு நேராக அந்த வீட்டுக்குள் இறங்கினாள்.

பயமுறுத்திக் கேட்கிறவனிடம் எதையும் சொல்லக் கூடாது. உதவ வந்தவரிடம் எதையும் மறைக்கக் கூடாது.